சனிக்கிழமை ஏறியே தீரணும்

“கயிறு அறுபது மீட்டர் போதுமா மாமா? மழையில ஊறினா கனம் கூடுமே” என்று கைப்பேசி கேட்டுக்கொண்டிருந்தபோது, முகத்தைத் துண்டால் மூடிய ஒருவன் இரும்புத் தடியோடு பல் டாக்டரின் அறைக்குள் நுழைந்தான்.

கைப்பேசியில் பேசியது டாக்டரின் மச்சான். மனைவியின் தம்பி, இரும்புக்கடைக்காரன். சனிக்கிழமை இருவரும் வழுக்கைப் பாறையில் ஏறுவதாக ஏற்பாடு. செங்குத்தாக நூறு ஆள் உயரம். மழைக்காலத்தில் குரங்குகூட அந்தப் பக்கம் சம்பந்தம் பேசப் போகாது. போன மழையில் ஏறிய இரண்டு பேரில், ஒருவருடைய ஹெல்மெட் மட்டும் சேதமில்லாமல் இறங்கி வந்தது.

அதற்காக விட்டுவிட முடியுமா? பாறையேறுவோர் சங்கத்தில் முப்பது பேர் முன்னால், “வெயில்ல ஏறுறவனுக்கு ஏணி போதும். நான் மழையில ஏறிக் காட்டுறேன், இல்லேன்னா மீசையை எடுத்துடறேன்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மீசைக்கு வயது இருபத்தெட்டு.

“மழையில ஏறுவியா? ஏறுவியா?” என்று தடியைச் சுழற்றினான் வந்தவன். முதல் அடியில் கண்ணாடி அலமாரி நொறுங்கியது. மாதிரிக்கு வைத்திருந்த பல்செட்டுகள் சிரித்த வாய் சிரித்தபடி தரையில் உருண்டன. இரண்டாவது அடி டாக்டரின் இடது முழங்காலுக்குக் கீழே.

அடி விழுவதற்கு அரை நொடி முன்பே டாக்டர் அலறிவிட்டார். முப்பது வருஷமாக அடுத்தவர் அலறலிலேயே பிழைத்தவர், தாளம் கொஞ்சம் முந்தத்தான் செய்யும். எலும்பு காய்ந்த விறகுபோல முறிந்தது. வெளியே காத்திருந்த மூன்று பேரும் அந்த நிமிஷமே பல்வலி குணமாகி, வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

“மாமா! யாரு மாமா அது?” என்று கத்தியது தரையில் கிடந்த கைப்பேசி.

“கால் போச்சுடா மச்சான்… சனிக்கிழமை போச்சுடா…”

மச்சானுக்கு யோசிக்கிற பழக்கம் கிடையாது. அதற்குத்தான் அக்கா இருந்தாள். ஆனால் அன்றைக்கு அவனே யோசித்தான். சங்கத்துச் செயலாளர் போன வாரம், “மழையில எவனாவது ஏறினா காலை உடைப்பேன்” என்று கூட்டத்தில் மேஜையைத் தட்டியவர். அது போதாதா?

சங்கத்தின் சாமான் அறையில் செயலாளரும் துணைத் தலைவரும் கொக்கிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். முதல் குத்தில் செயலாளரின் மூக்கு வீடு மாறியது. விலக்க வந்த துணைத் தலைவரைக் கயிற்றுச் சுருளோடு சேர்த்துச் சுவர் ஆணியில் மாட்டினான்.

செயலாளரும் லேசுப்பட்டவர் இல்லை. பாறையில் ஆணி அடிக்கிற சுத்தியலால் மச்சானின் புருவத்தைப் பிளந்தார். காதிலும் ஒரு துண்டைக் கடித்துத் துப்பினார். மச்சானின் ரத்தம் சுவரிலிருந்த வரைபடத்தில் தெறித்து, இல்லாத ஊரில் ஒரு ஆறு ஓடியது.

அதற்கப்புறம் மச்சான் நிதானமாக அடித்தான். நாலாவது அடியில், தான் செய்யாத குற்றத்தைச் செயலாளர் ஒப்புக்கொண்டார். ஆறாவது அடியில், நாட்டில் அதுவரை துப்புத் துலங்காத எல்லாக் குற்றங்களையும் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் டாக்டர் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். “காலை உடைச்ச கடன்காரன், அந்தப் பாறையையும் உடைச்சிருக்கக் கூடாதா?” என்று மூக்கைச் சிந்தினாள் மனைவி.

ஒற்றைக் கண்ணோடு மச்சான் வந்து நின்றான். இன்னொரு கண் வீக்கத்துக்குள் எங்கேயோ இருந்தது.

“ஒத்துக்கிட்டான் மாமா! பக்கத்து வார்டுலதான் கிடக்கான். எட்டிப் பார்க்கறீங்களா?”

டாக்டர் அவசரமாகக் கண்களை மூடிக்கொண்டார்.

“ரொம்ப வலிக்குதாங்க?” என்றாள் மனைவி.

“கால் கிடக்குது, விடு. மனசுதான் வலிக்குது. சனிக்கிழமை ஏற முடியலையே! மழைக்காலம் முடிஞ்சா அடுத்த மழைக்கு ஒரு வருஷம் காத்திருக்கணுமே!”

“யாரு முடியாதுன்னது?” மச்சான் கட்டிலில் உட்கார்ந்தான். “நான் விசாரிச்சுட்டேன். நீங்க எழுபத்தெட்டு கிலோ, மாவுக்கட்டு மூணு கிலோ. கடையில நான் தூக்குற கம்பிக்கட்டே இதைவிடக் கனம். உங்களை முதுகுல வெச்சுக் கட்டிக்கிட்டு நான் ஏறுறேன்.”

“டேய்… மழை கொட்டுதுடா!”

“கொட்டட்டும் மாமா. நீங்க கேட்டது அதானே? முப்பது பேர்ல ரெண்டு பேர் படுக்கையில. மிச்சம் இருபத்தெட்டு பேரும் பார்க்க வர்றாங்க.”

“உனக்குக் காலு… எனக்குக் காலு… கொஞ்சம் யோசிடா மச்சான்.”

“உங்களுக்குத்தான் கால் இல்லை, எனக்கு ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு. உங்க மானம் என் மானம் மாமா.”

மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. “என் தம்பி தம்பிதான்! மாமாவைக் கட்டும்போது முடிச்சை நல்லா இறுக்கிப் போடுடா, அவருக்குக் கூச்சம் ஜாஸ்தி, நெளிவாரு” என்றாள். பெல்ட் வாங்க இருவரும் சந்தோஷமாகக் கிளம்பினார்கள்.

அவர்கள் மாடிப்படி இறங்குகிற சத்தம் அடங்கும்வரை டாக்டர் காத்திருந்தார். பிறகு போனை எடுத்து, வியர்த்த விரலால் ஒரு எண்ணை அழுத்தி, வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்:

“தம்பி, என் காலோட வேலை முடியலைப்பா… சனிக்கிழமைக்குள்ள என் மச்சான் காலையும் வந்து உடைச்சுடு!”