நாற்பதாம் பக்கம்

"இந்தப் புதிரை ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிப்போங்க," என்றபடி மனைவி எதிர் சோபாவில் அமர்ந்து புத்தகத்தைத் திறந்தாள்.

"ஒருத்தன் தினமும் ஆபீசுக்குன்னு கிளம்புறான். சாயங்காலம் திரும்பி வர்றப்போ பேன்ட்டு பின்னாடி காய்ஞ்ச புல் ஒட்டியிருக்கு. என்னவா இருக்கும்?"

கணவனுக்குச் சுருக்கென்றது. "வழியில எங்கயாவது உட்கார்ந்திருப்பான்."

"தினமுமா? இன்னொரு துப்பும் இருக்கு. முன்னெல்லாம் செருப்பைக் கழட்டும்போதே மேனேஜரைத் திட்ட ஆரம்பிச்சிடுவான். இப்போ ஒரு மாசமா வாயே திறக்கறதில்ல."

"மேனேஜர் திருந்தியிருப்பார்."

"மேனேஜருங்க என்னிக்குத் திருந்தியிருக்காங்க?"

இதை எழுதியவன் தன் பின்னாலேயே பூங்காவுக்கு வந்திருப்பானோ என்று அவனுக்குச் சந்தேகம் தட்டியது. "இந்தப் புத்தகத்தை யார் குடுத்தா? உங்க அண்ணனா?"

"நானே கடையில வாங்கினேன். பேச்சை மாத்தாதீங்க. அவன் பொண்டாட்டிகிட்ட உண்மையைச் சொன்னா நாற்பதாம் பக்கம் போகணுமாம். மறைச்சா அறுபது. எதுக்குப் போகட்டும்?"

"வேலை போயிடுச்சுன்னு அவன் எப்படிச் சொல்லுவான்? அவ உடைஞ்சு போயிடுவாளேன்னு பயம் இருக்காதா?" என்றான் கணவன். பிறகு மெல்ல, "நாற்பதுக்கே போ," என்றான்.

"உடைய மாட்டா," என்றாள் மனைவி. புத்தகத்தை மூடி அவன் மடியில் வைத்துவிட்டு டீ போட எழுந்து போனாள்.

புதிரில் வந்தவன் என்ன ஆனான் என்று தெரிந்துகொள்ளும் பதைப்பில் கணவன் நாற்பதாம் பக்கத்தைப் புரட்டினான். எண்கள் நிரப்பும் கட்டங்கள் இருந்தன. அறுபதிலும் அதேதான்.

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினான். புத்தகத்தில் ஒரு வரிக் கதைகூட இல்லை.