அம்மாவுக்கு ஒரு போன்

மருத்துவமனைச் சலவை அறையில் 'ரேடியோ' என்று பெயரெடுத்தவளுக்கு அன்று வாய் ஓயவே இல்லை. படுக்கை விரிப்பின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை மூத்தவளான அக்காவின் கையில்.

"அந்தப் பாப் பாட்டுக்காரி நல்லா இருக்கணும் அக்கா! நேத்துக் கச்சேரி நடுவுல பாட்டை நிறுத்திட்டு, 'எல்லாரும் இப்பவே அம்மாவுக்குப் போன் பண்ணுங்க'ன்னாளாம். ரெண்டு வருஷமா முகம் கொடுத்துப் பேசாத என் பொண்ணு, அந்தக் கூட்டத்துல நின்னு 'சாப்பிட்டியாம்மா'ன்னு கேக்கறா. அவ அப்பாவே கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு!"

அக்கா 'உம்' கொட்டினாள்.

"உங்க மக பேசறாளா?"

"மூணு மாசமாச்சு. வேலை அதிகமாம்."

ரேடியோவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பெத்தவகிட்டப் பேச நேரமில்லாம அப்படி என்ன வெட்டி முறிக்கிறாளாம்? ஒரு தடவை அந்தக் கச்சேரிக்கு அனுப்பி வைங்க. தன்னால திருந்துவா!"

"அவ ஒரு கச்சேரி விடாமப் போறவதான்."

"போயுமா உங்களுக்குப் போன் வரலை?"

அக்கா நான்கு மூலையையும் சேர்த்து மடித்து, சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"எப்படி வரும்? எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் மேடையில மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதே அவதானே!"