உப்பில் ஏது புரதம்?

தொலைபேசிக்குள் லாரியின் ஹாரன் அலறியது.

"படமாவே அனுப்பிட்டேனே நைரி. பெரிய அடைப்புக்குறி, மூணுக்கு மூணு அணி. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு," என்றான் ஹேமிஷ். நியூசிலாந்தின் கோர் ஊர் தீவன ஆலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

"படம் வேண்டாம். எழுத்தா அனுப்பு."

நைரி டனீடின் தலைமை அலுவலகத்தில் இருந்தாள். அவள் சரி என்று சொல்லாமல் ஆலையிலிருந்து ஒரு மூட்டை நகராது.

"விடைதான் வந்தாச்சே. பார்லி, குதிரைமசால், தாது உப்பு, மூணுக்கும் அளவு கச்சிதமா இருக்கு. மேனேஜர்கூட பாத்துட்டார்."

"ரெண்டாயிரம் ஆடு திங்கப் போகுது ஹேமிஷ். செம்பு கூடிப்போனா ஈரல் தாங்காது. சமன்பாட்டை வரிவரியா, வெறும் எழுத்தா போடு. அப்புறம் பேசு."

அவன் ஜன்னலைத் திறந்து கத்துவது கேட்டது. "அஞ்சு நிமிஷம் அண்ணே."

"உன் அஞ்சு நிமிஷத்துல ஆட்டுக்குட்டி பாட்டியாயிரும்டா," என்றது டிரைவரின் குரல்.

முணுமுணுத்துக்கொண்டே ஹேமிஷ் 'ஆர்' என்ற கணினி மொழியில் ஒரு கட்டளையைத் தட்டினான். அடைப்புக்குறிகள் கழன்று, அணி மூன்று சாதாரண வரிகளாக விரிந்தது. அனுப்பினான்.

முதல் வரி புரதக் கணக்கு. பதினொன்று பார்லி, கூட்டல் பதின்மூன்று குதிரைமசால், கூட்டல் ஐந்து உப்பு.

நைரி அங்கேயே நிறுத்தினாள்.

"உப்புல ஏதுடா புரதம்?"

ஹேமிஷ் தன் கட்டளையை மேலே போய்ப் பார்த்தான்.

எண்களை அவன் குறுக்கு வரிசையாகத்தான் தட்டியிருந்தான். குறுக்காக நிரப்பு என்று தனியாகச் சொல்லாவிட்டால் ஆர் நெடுக்காகத்தான் நிரப்பும். சொல்ல மறந்துவிட்டான். பார்லியில் இருந்த செம்பு, உப்பின் புரதமாகி உட்கார்ந்திருந்தது. செம்புக் கணக்கிலோ பார்லிக்கும் குதிரைமசாலுக்கும் பூஜ்யம். அந்தக் குறையை ஈடுகட்ட, செம்பு கலந்த உப்பின் அளவு ஏறியிருந்தது.

திருத்தி ஓட்டினான். உப்பு பாதியாகக் குறைந்தது. மூன்று வரிகளையும் கடைசிவரை வாங்கிக்கொண்ட பிறகே நைரி சொன்னாள்: "ஏத்தச் சொல்லு."

"நாலு பேர் பாத்தோம் நைரி. அந்தப் படத்துல ஒருத்தருக்கும் தெரியலையே. உங்களுக்கு மட்டும் எப்படி?"

நைரி கணினியோடு இணைத்திருந்த காதொலிப்பானைக் கழற்றி வைத்துவிட்டு, தொலைபேசியோடு எழுந்தாள். மேசைக்கடியில் படுத்திருந்த லாப்ரடாரும் எழுந்தது. முதுகுப் பட்டையின் கைப்பிடி அவள் விரலில் படும்படி நெருங்கி நின்றது.

"எனக்கு கம்ப்யூட்டர்தான் வாசிச்சுக் காட்டும் ஹேமிஷ். நீ அனுப்பின கல்யாணப் பத்திரிகைக்கு அது 'படம்'னு ஒரே வார்த்தை சொல்லிட்டு நிறுத்திருச்சு."