பெண் பார்க்க வந்த மடிக்கணினி

பஜ்ஜித் தட்டை நகர்த்திவிட்டு, மாப்பிள்ளையின் அம்மா ஒரு மடிக்கணினியை என் முன்னால் வைத்தார்.

"பாட்டெல்லாம் பாட வேணாம். கம்ப்யூட்டர்ல பி.இ. முடிச்சிருக்காமே, இத சரி பண்ணட்டும் பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

அவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மாப்பிள்ளை சிலம்பரசன் அங்கேயே பெர்மனென்ட். முத்தாண்டிக்குப்பத்தில் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டில் உட்கார வைத்தால் மதிக்க மாட்டார்களாம். அதனால் மாமாவின் சுரங்கக் குவார்ட்டர்ஸை ஒரு நாளுக்கு இரவல் வாங்கியிருந்தார்.

"சம்மதமான்னு கேட்டா தலைய மட்டும் ஆட்டு மலரு" என்று என்னிடம் காலையிலேயே சொல்லிவிட்டார்.

மூடினால் மடிக்கணினி தூங்கியது. திறந்தால் எழவில்லை. திரை கறுப்பு. உள்ளே விசிறி மட்டும் இரைந்தது. கடையில் போர்டு போய்விட்டது என்றார்களாம்.

போர்டெல்லாம் போகவில்லை. பிராசசர் தூக்கத்தின் அடி ஆழத்துக்கு இறங்கி, ஏற முடியாமல் மாட்டிக்கொள்கிறது. அவ்வளவு ஆழம் போகாதே என்று அமைப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

பவர் பட்டனை அழுத்தி அணைத்துப் போட்டு, அந்த வரியைச் சேர்த்தேன். சேமிக்கக் கடவுச்சொல் கேட்டது.

"குடுங்க, நான் போடுறேன்." சிலம்பரசன் அவசரமாகக் கையை நீட்டினான்.

"வூட்டுக்கு வரப்போற பொண்ணுகிட்ட என்னாடா மறைச்சிகினு இருக்க? சொல்லுடா!" என்று அதட்டினார் அவன் அம்மா.

என் காதருகே குனிந்து சொன்னான். முகத்தைப் பார்க்கவில்லை.

தட்டினேன். அணைத்துப் போட்டேன். மூடினேன், திறந்தேன். எழுந்தது. நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை மூடித் திறந்தேன். எழுந்தது.

அவன் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "எங்களுக்குப் பூரண சம்மதங்க. வேலைக்கெல்லாம் போவ வேணாம். இந்த மாதிரி வூட்டு வேலைய பாத்துகினு இருந்தா போதும்."

அப்பா என்னைப் பார்த்தார். தலையாட்ட வேண்டிய இடம்.

நான் ஆட்டவில்லை.

சிலம்பரசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்பதை நான் சொல்லட்டும் என்று காத்திருந்தான். சொன்னால் ஊருக்குள் நான் திமிர் பிடித்தவள். பெர்மனென்ட் மாப்பிள்ளையைத் தட்டிக் கழித்தவள். அப்பா நிமிர்ந்து நடக்க முடியாது. இவன் மட்டும் அம்மாவுக்கு நல்ல பிள்ளையாக வீடு திரும்புவான்.

இவனுக்காக அந்தப் பழியை நான் ஏன் சுமக்க வேண்டும்?

மடிக்கணினியை அவன் அம்மா பக்கம் திருப்பி வைத்தேன்.

"நீங்களே தொறந்து பாருங்கம்மா. பாஸ்வேர்டு புவனா. அது யாருன்னு அவரு சொல்லுவாரு."