குறுஞ்சொண்டு

மூன்றாவது புறாவின் கழுத்தையும் சிப்பாய் முறித்து எறிந்தான். கொழும்புக் கண்காட்சியில் வெற்றிக் கிண்ணம் வாங்கிய வெள்ளைச் சேவற்புறா அது. சோமசேகரத்தின் காலடியில் விழுந்து, இரண்டு தரம் சிறகடித்து அடங்கியது.

"சொல்லு! புலிக்குப் புறாவில சேதி கடத்துறது நீதானே?"

பதில் வருமுன் துவக்குப் பிடி வாயில் இறங்கியது. சோமசேகரம் பல்லும் ரத்தமுமாகத் துப்பினார். குசினி வாசலில் மனைவி குணேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். திருகோணமலையில் அந்த வருடம் இப்படிப் பிடிபட்டுப் போனவர்கள் யாரும் வீடு திரும்பவில்லை.

"சேர், இது கண்காட்சிக்கு வளர்க்கிற சாதி. சொண்டைப் பாருங்கோ, அலகே பயறளவுதான். பெத்த குஞ்சுக்கே இரை ஊட்ட ஏலாது. மதில் தாண்டாததுகள் சேதி கொண்டு போகுமோ?"

ஒதுங்கி நின்ற கப்டன் முன்னால் வந்தார். கூட்டிலிருந்து ஒரு புறாவை எடுத்து, அதன் கால்களை விரலிடுக்கில் கொடுத்து, நெஞ்சை உள்ளங்கையில் ஏந்திப் பிடித்தார். பிடித்த பிடியில் புறா அசையவே இல்லை.

"உண்மைதான், இது எங்கயும் போகாது." தமிழ் நன்றாகவே வந்தது. "அவனை விடு."

சோமசேகரம் அப்படியே சரிந்தார். குணேஸ்வரி ஓடிவந்து தாங்கினாள். "உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும் சேர்" என்று அழுதாள். போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

புறாவைத் திரும்ப வைக்கப் போன கப்டன், கூட்டுக்குள்ளிருந்து கண் திறக்காத குஞ்சொன்றை எடுத்தார். அதன் கழுத்துப் பை புடைத்திருந்தது. மெல்ல அழுத்தினார். வாயோரம் தயிர்போல வெள்ளையாக வந்தது.

"இது புறாப்பால், பெரிய புறாவின்ர தொண்டைப் பையில ஊறுறது. மனிசர் குடுக்க ஏலாது. தாய்க்கும் ஏலாதெண்டு நீயே சொன்னாய்."

சோமசேகரம் வாயோர ரத்தத்தைத் துடைத்தார்.

"என்ர அப்பாவும் இந்தச் சாதி வளர்த்தவர். முட்டையை எடுத்துத் தூதுப் புறாவுக்கு அடை வைப்பார். அதுதான் பால் குடுத்து வளர்க்கும். இஞ்ச அப்படி ஒண்டையும் காணேல்லையே?"

குணேஸ்வரியின் கண்கள் அவளையறியாமல் கடலுக்கு மேலே, புலிகள் இருந்த மூதூர்ப் பக்கம் போயின. பாவி, அந்த ஒரு பார்வையை அடக்கியிருக்கலாம்.

கப்டன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருப்பம். குஞ்சைத் தேடி அது வரும். காலில என்ன கட்டியிருக்கெண்டு பாப்பம்."