எண்ணிக் கட்டிய பைகள்

"நாலு நாளா பால்கனிக் கம்பியில வேட்டியைக் காயப் போட்டீங்க. சலவைக்குப் போட்டா துவைச்சு, அறை நம்பரைக் காலர்ல குத்திக் குடுப்பாங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? இன்னிக்கு லுங்கியோட வெளியவே வந்துட்டீங்க. இது கப்பல் சார், உங்க களத்துமேடு இல்ல!"

தன்னுடைய 814ஆம் அறை வாசலில் நின்றபடி சொன்னார் பாஸ்கர். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் மேலாளர். தனக்குக் கீழே வேலை செய்யும் பதினோரு பேரோடு வந்திருந்தார்.

816ஆம் அறை வாசலில் லுங்கி, பனியனோடு நின்ற மணவாளன் அதைக் காதில் வாங்கவில்லை. பொன்னேரிப் பக்கம் ஆறு ஏக்கரில் நெல் போடுகிறவர். மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, மனைவி லட்சுமியம்மாளோடு வந்த ஐந்து நாள் பயணம். விடிந்தால் சென்னைத் துறைமுகம்.

அறைகளைக் கவனிக்கும் யேசுதாஸ் அந்தப் பக்கம் வந்தார்.

"யேசுதாசு, வாசல்ல வெச்ச மூணு பை எங்கப்பா?"

"எல்லார் பையோடவும் சேர்த்துக் கரையில இறக்க எடுத்துட்டுப் போயிட்டாங்க சார். இனி நாளைக்குக் கரையில இறங்கி, பை குடுக்கிற கூடத்துக்குப் போனாத்தான் கிடைக்கும்."

"ஐயையோ! என் துணி மொத்தமும் அதுலதான் கீது!"

பாஸ்கர் வாய்விட்டுச் சிரித்தார். "காலையில போட ஒரு செட் வெளிய வைக்கணும்னு சீட்டு குடுத்தாங்களே, படிக்கலையா?"

"ஆறு வேட்டி, ஏழு சட்டை. எண்ணித்தான் கட்டினேன். ஒண்ணுகூட உடலை."

"அதான் சார் பிரச்னையே!"

லட்சுமியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் கட்டிக்கினு கீற புடவை போதும். நீங்க இன்னா பண்ணுவீங்க? மாப்பிள்ளைக்குத் துறைமுகத்துல வேலை. மீஞ்சூர்லேர்ந்து அவங்க அப்பா அம்மாவை இட்டுக்கினு, மாலையோட கப்பல் படிக்கட்டுகிட்டயே வந்து நிக்கப் போறாரு. அங்கேர்ந்து நேரா முகூர்த்தப் புடவை எடுக்கப் போவணும். சம்பந்தி முன்னால லுங்கியோட எறங்குவீங்களா?"

மணவாளனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பொண்ணுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துடுவேன் போலக் கீதே லட்சுமி..."

"சரி, சரி. குட் நைட்" என்று சொல்லி, பாஸ்கர் கதவைப் பட்டென்று சாத்திக்கொண்டார்.

"நெஞ்சுல ஈரமே இல்லாத மனுசன்" என்றாள் லட்சுமியம்மாள்.

காலை ஆறரை மணிக்கு யேசுதாஸ் கதவைத் தட்டினார். கையில் ஒரு பேன்ட், ஒரு வெள்ளைச் சட்டை.

"யாரோ கப்பல்ல விட்டுட்டுப் போன துணி சார். போட்டுக்கங்க."

"நீ நல்லா இருக்கணும் நைனா!"

மணவாளன் பேன்ட் போட்டு முப்பத்தொரு வருடம் ஆகியிருந்தது. இடுப்பு இரண்டு அங்குலம் பெரிது. லட்சுமியம்மாள் ஒரு பாவாடை நாடாவை உருவி இறுக்கிக் கட்டினாள்.

"மாப்பிள்ளையை விட நீங்கதான் மாப்பிள்ளை மாதிரி கீறீங்க."

"சும்மா இரு, நாடா அவுந்துடப் போவுது."

படிக்கட்டில் நாற்பத்திரண்டு படி. எண்ணியபடியே இறங்கினார். கீழே சம்பந்தி மாலை போட்டார். "பேன்ட்ல ஜோரா கீறீங்க சம்பந்தி!" என்று சம்பந்தியம்மாள் சொன்னதும் மணவாளன் நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போது மேலே கைத்தட்டல், விசில். பாஸ்கர் பூப்போட்ட அரை டிராயரும் முண்டா பனியனுமாக இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் அவருடைய ஆட்கள் பதினோரு பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் வந்தார்கள்.

"சாரை இப்பிடிப் பார்ப்போம்னு நினைக்கவே இல்ல!" என்று ஒருவன் செல்போனில் படம் எடுத்தான்.

மணவாளன் விடவில்லை. "இன்னா சார், சீட்டைப் படிக்கலையா? நீங்களும் எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டீங்களா?"

"ஆமா சார், மறந்துட்டேன்" என்று சிரித்துவிட்டு, வேகமாகக் கடந்து போனார் பாஸ்கர்.

"என்னைக் கேலி பண்ணாரே, அவருக்கு நல்லா வேணும்!" மணவாளன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அட, ஆடாம நில்லுங்க. காலர்ல ஏதோ குத்திக்கினு கீது" என்று மாலையை விலக்கிய லட்சுமியம்மாள், உள்ளே இருந்த சிறு துணிச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

814.