பதிலுக்குக் காத்திருந்தவர்கள்

இப்போதெல்லாம் பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு, பெண் கைப்பேசியில் ஆடிய காதல் கதை விளையாட்டின் பதிவையும் கேட்கிறார்கள். என் தம்பி மகள் மிருதுளாவின் பதிவை நானே எடுத்து, அவளைப் பார்க்க வந்தவர்கள் முன் வைத்தேன். எங்கள் குடும்பத்தில் எதையும் ஒளித்துப் பழக்கமில்லை.

மாப்பிள்ளையின் தாய் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க, ஆறு வருசத்துல பதினோரு காதலனுங்களா? எம்பையன் பன்னண்டாவதுங்களா?"

"எல்லாரும் அந்த வெளையாட்டுக் கதையில வர்ற நாயகனுங்கதானுங்க," என்றேன். நான் தலை குனியவில்லை.

அந்த அம்மாள் மிருதுளாவிடம் திரும்பினார். "கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போவியா கண்ணு?"

அவள் வாய் திறப்பதற்குள் மாப்பிள்ளை, "அதெல்லாம் போகமாட்டாம்மா," என்றார்.

மிருதுளா அவரை நேராகப் பார்த்தாள். "அந்தப் பதினோரு பேரும் நான் பதில் சொல்ற வரைக்கும் பேச மாட்டாங்க. மூணு நாள் விட்டுட்டுப் போனாலும் அதே எடத்துல நின்னு காத்திருப்பாங்க. உங்களால ஒரு நிமிசம் முடியலைங்களே. எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாங்க."

தம்பி பதறிப்போனான். "அண்ணா, நீங்களாவது அவளுக்குப் புத்தி சொல்லுங்க."

நான் எழுந்து, வந்தவர்களைக் கும்பிட்டேன்.

"எங்க வீட்டுப் புள்ள பதில் சொல்லிட்டாளுங்க. காப்பி குடிச்சுட்டுப் பொறப்படுங்க."